முதல் ஸ்பிரின்ட் டிரையத்லான்: பன்னிரண்டு வாரத் தயாரிப்பு

750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம். மூன்றையும் அடுத்தடுத்து முடித்தால் அது ஸ்பிரின்ட் டிரையத்லான். 2000ஆம் ஆண்டு சிட்னியில் ஒலிம்பிக்குக்குள் வந்த 1.5, 40, 10 கிலோமீட்டர் தூரத்தில் இது சரிபாதி. கீழே உள்ளவை சென்னைக் கடற்கரையை ஒட்டி நடக்கும் போட்டியை மனதில் வைத்து எழுதப்பட்டவை. ஜனவரி முதல் மார்ச் வரையிலான ஒரு காலை, கடலில் நீச்சல், கிழக்குக் கடற்கரைச் சாலை போன்ற சமதளத்தில் சைக்கிள். குளத்தில் நீந்தும் போட்டி என்றால் கடல் பற்றிய பகுதியைத் தாண்டிவிடலாம்.

புதியவர் ஒருவர் 100 மீட்டரை இரண்டரை முதல் மூன்று நிமிடத்தில் நீந்துவார். ஆக நீச்சலுக்கு 19 முதல் 23 நிமிடம். மணிக்கு 22 முதல் 25 கிலோமீட்டர் வேகத்தில் மிதித்தால் சைக்கிளுக்கு 48 முதல் 55 நிமிடம். ஓட்டத்துக்கு 33 முதல் 40 நிமிடம். நடுவில் உடுப்பும் செருப்பும் மாற்றுவதற்கு ஐந்தாறு நிமிடம். எல்லாம் சேர்த்து ஒன்றே முக்கால் மணி நேரத்திலிருந்து இரண்டு மணியைச் சற்றே தாண்டும்.

இந்தக் கணக்கில் நீச்சல் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனாலும் பயிற்சி நேரத்தில் கிட்டத்தட்டப் பாதியை நீச்சலுக்கே கொடுங்கள். சைக்கிளில் மூச்சு வாங்கினால் மிதிப்பதை நிறுத்திக்கொள்ளலாம். ஓட்டத்தில் தளர்ந்தால் நடக்கலாம். கடலில் கால் ஊன்றத் தரை கிடையாது. அமெரிக்காவில் 1985 முதல் 2016 வரை டிரையத்லான் போட்டிகளில் நேர்ந்த இறப்புகளையும் இதய நிறுத்தங்களையும் தொகுத்த ஆய்வில், மொத்தம் 135இல் 90 நீச்சலின்போது நடந்தவை. நாற்பதைத் தாண்டியவர்கள், சர்க்கரையோ ரத்த அழுத்தமோ உள்ளவர்கள், குடும்பத்தில் இளம் வயதிலேயே மாரடைப்பு வந்தவர்கள் பயிற்சியைத் தொடங்கும் முன்பே மருத்துவரைப் பார்த்து இசிஜி எடுத்துவிடுங்கள். பயிற்சியில் நெஞ்சு இறுக்கம், மயக்கம், காரணமில்லாத படபடப்பு வந்தால் அன்றைக்கு அத்தோடு நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

பன்னிரண்டு வாரம் போதும் என்பது மூன்று விஷயங்கள் ஏற்கெனவே கைவந்தவருக்குத்தான்: நிற்காமல் 50 மீட்டர் ஃப்ரீஸ்டைல் நீந்த வேண்டும், அரை மணி நேரம் சைக்கிள் மிதிக்க வேண்டும், 20 நிமிடம் ஓட்டமும் நடையுமாகப் போக வேண்டும். நீச்சலே தெரியாது என்றால் முதலில் இரண்டு மூன்று மாதம் பயிற்சியாளரிடம் நீச்சல் மட்டும் கற்றுக்கொள்ளுங்கள். போட்டியை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போடுவதில் ஒரு நஷ்டமும் இல்லை.

வாரத்தின் அமைப்பு

செவ்வாய், வியாழன், சனி நீச்சல், ஒவ்வொன்றும் 45 முதல் 50 நிமிடம். புதன் சைக்கிள் 45 நிமிடம். வெள்ளி ஓட்டம் அரை மணி. ஞாயிறு காலை நீண்ட சைக்கிள், இறங்கிய கையோடு ஒரு குட்டி ஓட்டம். திங்கள் முழு ஓய்வு. எல்லாம் சேர்த்து வாரத்துக்கு நான்கு முதல் ஐந்தரை மணி நேரம் ஆகும். நான்காவது, எட்டாவது வாரங்களில் எல்லாவற்றையும் மூன்றில் ஒரு பங்கு குறைத்துவிடுங்கள். உடம்பு தேறுவது அந்தக் குறைந்த வாரங்களில்தான். ஒரு நாள் தவறிவிட்டால் அடுத்த நாள் இரண்டையும் சேர்த்துச் செய்ய வேண்டாம், விட்டதை விட்டுவிடுங்கள்.

வேகம் எவ்வளவு? பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகம். முதல் இரண்டு மாதமும் சைக்கிளிலும் ஓட்டத்திலும் இந்த அளவைத் தாண்ட வேண்டாம். புதியவர்களுக்கு முழங்காலிலும் முன்னங்காலெலும்பிலும் வலி வருவதற்கு, தினமும் முழு வேகத்தில் ஓடிப் பார்ப்பது ஒரு முக்கியக் காரணம்.

நீச்சல்

முதலில் உங்கள் குளத்தின் நீளத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். 25 மீட்டர் குளத்தில் 750 மீட்டர் என்பது 30 முறை. வேளச்சேரி நீச்சல் வளாகம் போன்ற 50 மீட்டர் குளத்தில் 15 முறை. சில அடுக்குமாடிக் குடியிருப்புக் குளங்கள் 12, 15 மீட்டர்தான் இருக்கும். அங்கே பாதி நேரம் சுவரைத் தள்ளுவதிலேயே போய்விடும் என்பதால், 600 மீட்டர் நீந்திவிட்டதாகத் தோன்றினாலும் கை உண்மையில் அவ்வளவு வேலை செய்திருக்காது. பேட்ச் முறையில் இயங்கும் பொதுக்குளங்களில் விடியற்காலை முதல் பேட்சைப் பிடியுங்கள். கூட்டமான மாலை பேட்சில் நேர்கோட்டில் 50 மீட்டர் நீந்துவதே பெரும்பாடு.

மூச்சு வாங்குகிறது என்று சொல்பவர்களில் பெரும்பாலோருக்குக் குறை நுரையீரலில் இல்லை. முகம் நீருக்குள் இருக்கும்போது மூச்சை அடக்கி வைத்துவிட்டு, தலையைத் திருப்பிய அந்த ஒரு நொடியில் வெளியே விட்டு உள்ளே இழுக்க முயல்கிறார்கள். இரண்டுக்கும் நேரம் போதாது. கரியமில வாயு உள்ளேயே தேங்கி, 25 மீட்டரில் நெஞ்சு வெடிப்பது போலாகிறது. முகம் நீருக்குள் போன கணத்திலிருந்தே மூக்காலும் வாயாலும் குமிழி விட்டுக்கொண்டே இருங்கள். தலையைத் திருப்பும்போது உள்ளிழுப்பது மட்டும்தான் மிச்சம் இருக்க வேண்டும். ஆழம் குறைந்த பக்கத்தில் நின்றுகொண்டு, முங்கி நான்கு எண்ணும்வரை குமிழி விட்டு, எழுந்து ஒரு வாய் காற்று இழுத்து, மறுபடி முங்குங்கள். ஒவ்வொரு முறை நீச்சலுக்கு இறங்கும்போதும் முதலில் இதை இருபது தடவை செய்தால் பத்து நாளில் மாற்றம் தெரியும்.

அடுத்த குறை, கால் அமிழ்வது. முன்னால் பார்க்கத் தலையைத் தூக்கினால் இடுப்பும் காலும் தாழும், உடம்பே தண்ணீரைத் தடுக்கும் பலகையாகிவிடும். குளத்தின் அடித்தரையைப் பாருங்கள். பிடரி நீரின் மேல்மட்டத்தை ஒட்டி இருக்கட்டும். காலை முழங்காலிலிருந்து மடக்கி உதைக்காமல், தொடையிலிருந்து சின்னதாக அசையுங்கள். டிரையத்லானில் கால் உதைப்பது சமநிலைக்கு மட்டும்தான். சைக்கிளுக்கும் ஓட்டத்துக்கும் அந்தக் கால்கள் வேண்டும்.

முதல் நான்கு வாரங்கள் இப்படி: 25 மீட்டர் நான்கு முறை மெதுவாக. பிறகு ஒரு கையை முன்னால் நீட்டி, பக்கவாட்டில் படுத்து உதைத்தபடி 25 மீட்டர் ஆறு முறை. அதன் பிறகு 50 மீட்டர் எட்டு முறை, ஒவ்வொன்றுக்கும் நடுவே 30 நொடி ஓய்வு. கடைசியில் 100 மீட்டர் எந்த நீச்சலிலாவது. ஐந்தாவது வாரம் முதல் நடுப்பகுதியை 100 மீட்டர் நான்கு முறை, 20 நொடி ஓய்வு என்று மாற்றுங்கள். ஏழாவது வாரத்தில் 200 மீட்டர் மூன்று முறை. எட்டில் அளவைக் குறைத்து, ஒருநாள் மட்டும் 400 மீட்டர் நிற்காமல். ஒன்பதாவது வாரத்தில் 750, பத்தில் 900 மீட்டர். குளத்தில் 900 மீட்டர் நிற்காமல் நீந்தாதவர் கடலில் 750 மீட்டருக்கு இறங்கக் கூடாது என்பது நல்ல எல்லைக்கோடு. கடலில் நேராக நீந்த வராது, 750 மீட்டர் எளிதாக 850 ஆகிவிடும்.

விதிப்படி எந்த நீச்சலும் நீந்தலாம். பிரெஸ்ட்ஸ்டிரோக், மல்லாந்து நீந்துவது எதற்கும் தடையில்லை. பாதியில் படகையோ மிதவையையோ பிடித்துக்கொண்டு இளைப்பாறலாம். அதை வைத்து முன்னேறாமல் இருந்தால் போதும், போட்டியிலிருந்து நீக்க மாட்டார்கள். இது தெரியாமல் சோர்ந்த நிலையிலும் பிடிவாதமாக நீந்துபவர்கள் உண்டு. உதவி வேண்டுமென்றால் ஒரு கையைத் தூக்கி அசையுங்கள்.

கடல்

குளத்தில் கடலுக்கென்று மூன்று பழக்கங்களை வளர்த்துக்கொள்ளலாம். முதலாவது, நிமிர்ந்து பார்ப்பது. குளத்தின் கோடியில் ஒரு நிறமான பாட்டிலை வைத்து, எட்டு கைவீச்சுக்கு ஒருமுறை கண் மட்டும் நீருக்கு மேலே வரும்படி எட்டிப் பாருங்கள், முதலை பார்ப்பதுபோல. பார்த்த பிறகு வழக்கம்போலத் தலையைப் பக்கவாட்டில் திருப்பி மூச்சு வாங்க வேண்டும். பார்ப்பதையும் மூச்சு வாங்குவதையும் ஒரே நேரத்தில் செய்தால்தான் தலை அதிகம் தூக்கி கால் தாழ்கிறது. இரண்டாவது, சுவரைத் தொடாமல் குளத்தின் நடுவிலேயே திரும்புவது. மூன்றாவது, இரண்டு மூன்று பேர் தோளோடு தோள் உரச ஒரே வரிசையில் நீந்திப் பழகுவது. போட்டியின் முதல் 100 மீட்டரில் யாருடைய காலாவது உங்கள் முகத்தில் படத்தான் செய்யும்.

போட்டிக்கு முன் குறைந்தது மூன்று முறையாவது கடலில் நீந்தியிருக்க வேண்டும். ஆனால் தனியாக ஒருபோதும் வேண்டாம். மெரினா உட்பட சென்னையின் பல கடற்கரைகளில் குளிக்கவே தடை இருக்கிறது, அதற்குக் காரணமும் இருக்கிறது. படகும் மீட்பாளரும் உடன் வரும் பயிற்சிக் குழுவோடு மட்டும் இறங்குங்கள். இடுப்பில் கட்டி இழுத்துப் போகும் ஆரஞ்சு நிற மிதவைப் பை வாங்கிக்கொள்ளுங்கள். படகுக்காரரின் கண்ணில் நீங்கள் படுவது அதனால்தான்.

நம் கரையில் அலை கரைக்குப் பக்கத்திலேயே வந்து உடையும். உடையும் அலையைத் தாண்டிக் குதிக்கப் பார்த்தால் அது உங்களைத் தூக்கி மணலில் அறையும். இடுப்பளவுத் தண்ணீர் வரை காலைத் தேய்த்தபடி நடங்கள், மணலில் புதைந்திருக்கும் திருக்கை விலகிப் போகும். அதன்பின் ஒவ்வொரு அலைக்கும் மூன்றடி முன்பே மூச்சிழுத்து அடியில் முங்கி, விரல்களை மணலில் ஊன்றி, அலை முதுகைத் தாண்டியதும் எழுங்கள். திரும்பி வரும்போது கை மணலைத் தொடும்வரை எழுந்து நிற்க வேண்டாம். நின்றதும் பின்னால் ஒருமுறை பாருங்கள், கரையேறும் நேரத்தில் முதுகில் விழும் அலைதான் பலரைச் சாய்க்கிறது.

அலை வரிசையில் ஓரிடத்தில் மட்டும் அலை உடையாமல், நீர் கறுத்து அமைதியாகத் தெரிந்தால் அங்கே இறங்காதீர்கள். கரையில் குவிந்த தண்ணீர் கடலுக்குத் திரும்பும் வாய்க்கால் அது. அதில் சிக்கினால் கரையைப் பார்த்து நேராக நீந்திப் பயனில்லை, தெம்புதான் தீரும். கரைக்கு இணையாக 30, 40 மீட்டர் நீந்தி, அலை உடையும் இடத்துக்கு வந்து அதன் வழியே கரையேறுங்கள்.

நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதை அன்றன்றைக்குப் பார்க்க வேண்டும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நம் கரையோரம் நீரோட்டம் பொதுவாகத் தெற்கு நோக்கி ஓடும், பிப்ரவரி வாக்கில் திசை மாறி வடக்கு நோக்கித் திரும்பும். மிதவைகள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கின்றன என்று பாருங்கள், கரையில் வலை சீர்செய்யும் மீனவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். வடக்கே இழுத்தால் மிதவைக்குச் சற்றுத் தெற்கே குறிவைத்து நீந்த வேண்டும்.

வங்காள விரிகுடாவில் காலையில் நீந்துபவருக்கு இன்னொரு சிக்கல்: வெளியே போகும்போது சூரியன் நேர் எதிரில். தெளிந்த கண்ணாடி போட்ட காகிள்ஸில் மிதவை கண்ணுக்கே தெரியாது. புகைநிறக் கண்ணாடி வாங்குங்கள். போகும்போது முன்னால் போகும் தொப்பிகளையும், திரும்பும்போது கரையில் உயரமான ஒரு கட்டடத்தையும் அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். காகிள்ஸ் வாரை நீச்சல் தொப்பிக்கு அடியில் போட்டால் யாருடைய கை பட்டாலும் கழன்று போகாது. உப்புத் தண்ணீர் கழுத்தையும் அக்குளையும் அறுக்கும் என்பதால் வாசலின் தடவுங்கள். தடவிய கையைத் துண்டில் துடைத்துவிட்டுத்தான் காகிள்ஸைத் தொட வேண்டும். நம் கடல் எப்போதும் வெதுவெதுப்பு, வெட்சூட் (உடம்பைச் சூடாக வைக்கும் ரப்பர் நீச்சல் உடை) தேவையே இல்லை. 1,500 மீட்டர் வரையிலான நீச்சலில் தண்ணீர் 22 டிகிரியைத் தாண்டினால் புதியவர்கள் போட்டியிடும் வயதுப் பிரிவுகளில் விதியே அதை அனுமதிக்காது. சொறிமீன் கொட்டினால் நல்ல தண்ணீர் ஊற்றாமல், தேய்க்காமல், கடல் நீரால் அலசி, ஒட்டிய நூல்களை இடுக்கியால் எடுத்துவிட்டு, பொறுக்கும் அளவு சூடான நீரில் வையுங்கள். மூச்சு முட்டினால் உடனே மருத்துவமனை.

படபடப்பு வரும், எல்லோருக்கும் வரும். அதற்கு முன்கூட்டியே ஒரு வழி வைத்துக்கொள்ளுங்கள்: மல்லாந்து புரண்டு மிதப்பது, வாயால் நீளமாகப் பத்து மூச்சு விடுவது, பிறகு பத்து பிரெஸ்ட்ஸ்டிரோக், அதன்பின் ஃப்ரீஸ்டைல். இதைக் கடல் பயிற்சியில் வேண்டுமென்றே நான்கைந்து முறை செய்து பழகுங்கள். போட்டியில் கூட்டத்தின் ஓரத்தில் அல்லது கடைசியில் நின்று, மற்றவர்கள் கிளம்பி 20 நொடி கழித்துக் கிளம்புங்கள். அந்த 20 நொடி முடிவில் ஒரு வித்தியாசமும் காட்டாது. முதல் 100 மீட்டர் அமைதியாகப் போவதற்கு அதைவிட நல்ல வழி இல்லை.

சைக்கிள்

புதிய ரோடு பைக் வாங்கத் தேவையில்லை. கியர் உள்ள ஹைபிரிட் போதும். அகல டயர் மவுன்டன் பைக் என்றாலும் மேடுபள்ளமில்லாத மெல்லிய டயர் மாற்றிக்கொண்டு வரலாம். சீட் உயரம் முக்கியம்: சீட்டில் உட்கார்ந்து குதிகாலைப் பெடலில் வைத்து, பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் நேராக வேண்டும். பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது அதுவே சரியான லேசான வளைவாகும். முழங்காலின் முன்பக்கம் வலித்தால் பெரும்பாலும் சீட் தாழ்வு, பின்பக்கம் வலித்தால் உயரம்.

காற்று: 25 மில்லிமீட்டர் டயருக்கு 80 முதல் 95 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு), 32 முதல் 35 மில்லிமீட்டர் ஹைபிரிட் டயருக்கு 55 முதல் 70. டயரின் பக்கவாட்டில் அச்சிட்ட உச்ச அளவைத் தாண்டாதீர்கள். பெட்ரோல் பங்க் காற்றுக் குழாய் கார், பைக் டியூபில் உள்ள தடித்த வால்வுக்குத்தான் பொருந்தும். மெல்லிய பிரெஸ்டா வால்வு என்றால் சின்னப் பித்தளை அடாப்டர் ஒன்றைப் பையில் போட்டு வையுங்கள்.

பஞ்சர் ஒட்டக் கற்றுக்கொள்ளாமல் போட்டிக்குப் போகாதீர்கள். வெளியார் உதவி விதிப்படி கூடாது. மாற்று டியூப் ஒன்று, டயர் லிவர் இரண்டு, கைப்பம்பு ஒன்று சீட்டுக்கு அடியில் இருக்கட்டும். பழைய டியூபை எடுத்ததும் புதியதை உடனே மாட்டக் கூடாது. டயரின் உட்புறம் முழுக்க ஒரு துணியால் மெல்லத் துடைத்து வாருங்கள், துணி எங்கே மாட்டுகிறதோ அங்கே முள் இருக்கும். சாலையோரச் சீமைக் கருவேல முள் டயரில் ஒடிந்து நின்று, புது டியூபையும் ஐந்தே நிமிடத்தில் குத்திவிடும். வீட்டில் நான்கைந்து முறை கழற்றி மாட்டிப் பத்து நிமிடத்துக்குள் முடிக்கப் பழகுங்கள். பின்சக்கரத்தையும் சேர்த்து.

மிதிக்கும் முறையில் ஒன்றே ஒன்று: கனமான கியரில் மெதுவாக அழுத்தாமல், இலகுவான கியரில் நிமிடத்துக்கு 80 முதல் 90 சுற்று. கனமான கியரில் போனால் 20 கிலோமீட்டர் முடியும்போது தொடை ஓட்டத்துக்கு மிஞ்சாது. ஞாயிற்றுக்கிழமை தூரத்தை 12 கிலோமீட்டரில் தொடங்கி ஒன்பதாவது வாரத்துக்குள் 28, 30க்குக் கொண்டுவாருங்கள். விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பி ஏழரைக்குள் வீடு திரும்புங்கள். முன்விளக்கும் சிவப்புப் பின்விளக்கும் எரியட்டும். ஒரு கையால் பாட்டில் எடுத்துக் குடிப்பது, சைக்கிள் சாயாமல் திரும்பிப் பின்னால் பார்ப்பது, குறுகிய இடத்தில் யூ-டர்ன் அடிப்பது ஆகிய மூன்றையும் காலி மைதானத்தில் பழகுங்கள். திரும்பும் பக்கத்துப் பெடல் மேலே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தரையில் இடித்துக் கவிழ்ந்துவிடும். வளைவுகளில் கடற்கரை மணல் படிந்திருக்கும், அங்கே பிரேக்கை வளைவுக்கு முன்பே பிடித்து விட்டுவிடுங்கள்.

பெரும்பாலான போட்டிகளில் முன்னால் போகிறவரின் காற்றுமறைவில் ஒட்டிப்போவது குற்றம். வழக்கமான இடைவெளி 10 மீட்டர், அதற்குள் நுழைந்தால் 20 நொடிக்குள் தாண்டிவிட வேண்டும். தண்டனை உண்டு. எனவே பயிற்சியிலும் கொஞ்ச நேரமாவது தனியாக, காற்றை முகத்தில் வாங்கி மிதியுங்கள்.

ஓட்டம்

மூன்று நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்று ஆரம்பியுங்கள். வாரத்துக்கு மூன்று நான்கு நிமிடம் ஓட்டத்தைக் கூட்டினால் எட்டாவது வாரத்துக்குள் 25, 30 நிமிடம் சேர்ந்தாற்போல் ஓடலாம். கால் விரலுக்கு முன்னால் கட்டை விரலகலம் இடம் விட்ட ரன்னிங் ஷூ. போட்டிக்கு ஒரு மாதம் முன்பே அதில் ஓடிப் பழகியிருக்க வேண்டும்.

சைக்கிளிலிருந்து இறங்கியதும் ஓடினால் கால் நமதில்லை என்பதுபோல் கனக்கும். ஒரு மணி நேரம் வட்டமாக மிதித்த தசைகள் உடம்பின் எடையைத் தாங்கும் அடிவைப்புக்கு மாறக் கொஞ்ச நேரம் எடுக்கும். அதற்குத்தான் ஞாயிறு காலைப் பயிற்சி. சைக்கிளை நிறுத்திய மூன்று நிமிடத்துக்குள் ஷூ மாற்றி, முதலில் 5 நிமிடம், போகப் போக 10, 15 நிமிடம் ஓடுங்கள். அடியைச் சின்னதாக வைத்து, முதல் கிலோமீட்டரை உங்கள் வழக்கத்தைவிட 30, 40 நொடி மெதுவாகப் போங்கள். பெரும்பாலும் ஒரு கிலோமீட்டரில் கால் திரும்பிவிடும்.

டிரான்சிஷன்

சைக்கிள்களை வரிசையாகத் தொங்கவிட்டிருக்கும், உடுப்பு மாற்றும் இடம் இது. புதியவர்கள் நிமிடக் கணக்கில் நேரத்தை இழப்பதும், விதி மீறி மாட்டிக்கொள்வதும் இங்கேதான். முதன்மையான விதி: ஹெல்மெட் தலையில் ஏறி வார் மாட்டிய பிறகுதான் சைக்கிளில் கை வைக்க வேண்டும். திரும்பி வந்து சைக்கிளைத் தொங்கவிட்ட பிறகுதான் வாரைக் கழற்றலாம். ஏறும் கோட்டைத் தாண்டி ஏற வேண்டும், இறங்கும் கோட்டுக்கு முன்பே இறங்க வேண்டும். காதில் இயர்போன் கூடாது. ஹேண்டில் பார் முனைகள் இரண்டும் மூடியிருக்க வேண்டும், திறந்த குழாய் விழும்போது வயிற்றைக் குத்தும்.

உடுப்பு ஒன்றே போதும். டிரைசூட் (மூன்றுக்கும் சேர்த்து அணியும் ஒரே உடை) இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் லைக்ரா ஷார்ட்ஸும் உடம்போடு ஒட்டிய டி-ஷர்ட்டும் போட்டு அப்படியே நீந்துங்கள். பருத்தி வேண்டாம், தண்ணீரைக் குடித்துக் கனத்து, ஓட்டத்தில் தொடையையும் மார்பையும் உரசிப் புண்ணாக்கும். பெண்கள் ஸ்போர்ட்ஸ் பிராவை உள்ளே போட்டே நீந்தலாம். முழுக்கை, முழுக்கால் உடை தேவைப்படுபவர்கள் அமைப்பாளரிடம் முன்பே கேட்டு அனுமதி வாங்கிவிடுங்கள்.

கைத்துண்டு ஒன்றைச் சைக்கிளின் பக்கத்தில் விரித்து, எடுக்கும் வரிசையில் அடுக்குங்கள். பின்னால் ஓட்டத்துக்கான ஷூவும் தொப்பியும், முன்னால் சைக்கிளுக்கானவை. ஹெல்மெட்டை மல்லாத்தி ஹேண்டில் பார்மேல் வைத்து, வார்களை வெளியே தொங்கவிட்டு, கூலிங் கிளாஸை அதற்குள் வையுங்கள். ஒரே ஷூவில் மிதித்து ஓடினால் இரண்டாவது முறை மாற்றும் வேலையே இல்லை, முதல் போட்டிக்கு அதுதான் சரி. சாக்ஸைச் சுருட்டி, உள்ளே பவுடர் தூவி ஷூவுக்குள் வையுங்கள். கடலிலிருந்து வரும் கால் முழுக்க மணல், அதோடு சாக்ஸ் போட்டால் இரண்டாவது கிலோமீட்டரில் கொப்புளம். கழுவுவதற்கென்றே ஒரு லிட்டர் பாட்டில் தனியாக வையுங்கள்.

எண் அட்டை சைக்கிளில் முதுகுப்பக்கம், ஓட்டத்தில் வயிற்றுப்பக்கம் தெரிய வேண்டும். இதற்கென விற்கும் பெல்ட்டுக்குப் பதில், தையல் கடையில் அகல எலாஸ்டிக் ஒரு மீட்டர் வாங்கி, இடுப்பளவுக்கு முடிந்து, அட்டையை ஊக்கால் குத்தினால் சுழற்றிக்கொள்ளலாம். ஷூவுக்கும் முடிச்சில்லாத எலாஸ்டிக் கயிறு மாட்டுங்கள்.

நீச்சலிலிருந்து வரும் வழியிலும், சைக்கிளோடு வெளியேறும் வழியிலும் காலையிலேயே ஒருமுறை நடந்து பாருங்கள். உங்கள் வரிசை எத்தனையாவது, பக்கத்தில் அசையாத அடையாளம் எது என்று மனதில் குறித்துக்கொள்ளுங்கள். பக்கத்துச் சைக்கிளை அடையாளம் வைக்காதீர்கள், நீங்கள் வரும்போது அது போயிருக்கும். சைக்கிளைத் தொங்கவிடும் முன் இலகுவான கியரில் போட்டு வையுங்கள். கடைசி மூன்று வாரமும் வீட்டு வாசலில் இந்த மாற்றத்தை ஐந்தைந்து முறை ஒத்திகை பாருங்கள்.

தண்ணீரும் சாப்பாடும்

சென்னைக் காற்றில் வியர்வை காய்வதில்லை, வழிந்தோடுகிறது. உடம்பு குளிராததால் இன்னும் வியர்க்கும். ஒரு மணி நேரம் மிதிப்பதற்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஒரு லிட்டர், நடுவில் குடித்ததையும் அதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். இழந்ததை முழுவதுமாக ஈடுகட்ட வேண்டியதில்லை. சைக்கிளில் 500 முதல் 750 மில்லி, பத்து நிமிடத்துக்கொருமுறை இரண்டு மூன்று வாய். ஓட்டத்தில் குடித்தால் வயிறு குலுங்கும் என்பதால் சைக்கிள்தான் குடிக்கும் இடம். ஓஆர்எஸ் கலந்தால் பாக்கெட்டில் சொன்ன அளவு தண்ணீரில்தான்: பெரிய பாக்கெட் ஒரு லிட்டருக்கு, சின்னது 200 மில்லிக்கு. பெரியதை அரை லிட்டர் பாட்டிலில் கொட்டினால் குமட்டும். வெறும் தண்ணீரை லிட்டர் கணக்கில் குடிப்பதும் ஆபத்து, ரத்தத்தில் உப்பு நீர்த்துப் போகும்.

முந்தின இரவு சோறும் காரமில்லாத குழம்பும், அல்லது தயிர்சாதம். பொரித்ததும் பயறு வகையும் வேண்டாம். போட்டிக்கு இரண்டு, இரண்டரை மணி நேரம் முன்பு மூன்று நான்கு இட்லி, சாம்பாருக்குப் பதில் சர்க்கரையோ தேனோ தொட்டு. அல்லது இரண்டு வாழைப்பழமும் ரொட்டியும். காபி பழக்கம் இருந்தால் குடியுங்கள், இல்லாதவர் அன்றைக்குத் தொடங்க வேண்டாம். இரண்டு மணி நேரப் போட்டிக்கு ஜெல் (தெம்புக்காகச் சாப்பிடும் சர்க்கரைக் கூழ்) கட்டாயமில்லை.

கடைசி வாரமும் போட்டி நாளும்

பன்னிரண்டாவது வாரத்தில் எல்லாவற்றையும் பாதியாகக் குறையுங்கள். விட்டுப்போனதைப் பிடிக்க இந்த வாரத்தில் வேகமாக ஓடுபவர் களைத்த காலோடுதான் கரையில் நிற்பார். சைக்கிளைப் பழக்கமான கடையில் காட்டி பிரேக் கட்டை, செயின், ஸ்போக் பார்க்கச் சொல்லுங்கள். பழுது பார்த்தபின் ஒரு முறை ஓட்டியும் பாருங்கள்.

போட்டி இடத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே போய்விடுங்கள். உங்கள் நேரத்தைப் பதிவு செய்யும் டைமிங் சிப்பை இடது கணுக்காலில் கட்டுங்கள், வலது பக்கம் செயின் இருக்கிறது. டயரை அங்கே நிரப்பலாம், ஆனால் வெயிலில் நிற்கப்போகிற சைக்கிளுக்கு உச்ச அளவுக்கு ஐந்து பிஎஸ்ஐ குறைத்தே வையுங்கள். சூடேறினால் அழுத்தம் கூடும்.

நீச்சலில் மூச்சு கட்டுக்குள் இருக்கும் வேகம். சைக்கிளில் முதல் ஐந்து கிலோமீட்டர் அடக்கி, நடுப்பகுதி சீராக, கடைசி இரண்டு கிலோமீட்டர் இலகுவான கியரில் காலைத் தளர்த்தி. ஓட்டத்தில் தண்ணீர் மேசைகளில் நடந்தே குடியுங்கள், பாதி வாய்க்கு, மீதி தலைக்கு. வெயிலில் உடம்பு சிலிர்த்தாலோ, குளிர்வதுபோல் தோன்றினாலோ, நடை தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ நின்று நிழலுக்குப் போய் மருத்துவக் குழுவைக் கூப்பிடுங்கள். அது வெப்பத்தாக்காக இருக்கலாம்.

முடித்ததும் உடனே உட்காராமல் பத்து நிமிடம் நடங்கள். அரை மணி நேரத்துக்குள் ஏதாவது சாப்பிடுங்கள். வீட்டுக்கு வந்ததும் சைக்கிளை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, செயினுக்கு எண்ணெய் விடுங்கள். உங்கள் உடையிலிருந்து சொட்டிய கடல் உப்பு மறுநாளைக்குள் போல்ட்டுகளில் துருவாக ஏறத் தொடங்கிவிடும்.